முகவரியும் வாய்மையும்

வீட்டைத் துறந்து அறம் நோற்பாரை ‘அநகாரர்’ என்றும், வீட்டில் இருந்தவாறே அறம் நோற்பாரை ‘அகாரி’ என்றும் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் பகுத்துக் கூறுகின்றது. அகாரம் என்பது வீடு. முனிவர்க்கு முகவரி கிடையாது; மழைக்காலத்து நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்குவரேயன்றி எவ்வூரையும் தம்மூர் என்னார். சாவகர்க்கோ வீடே இலக்கணமாக அமைந்துவிட்டது. அணுவிரதம் ஏற்றவர் அகாரி என்பதே அந்நூல் தரும் வரையறை. ஆகவே, “நீங்கள் இப்போது குடியிருக்கும் முகவரி யாது?” என்று ஓர் அலுவலகப் படிவம் கேட்கும்போது, அது வெறும் தபால் விவரத்தைக் கேட்கவில்லை, இல்லறத்தாரின் முதல் மெய்யைக் கேட்கின்றது என்றே யாம் கருதுகின்றோம். அந்த மெய்யைச் சொல்லுவது எத்துணைக் கடினம் ஆகிவிட்டது என்பதையும், கடினம் என்பதற்காக அதனைக் கைவிடலாமா என்பதையும் அன்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

நம் குடும்பங்களுக்கு இது தொலைவான வினா அன்று. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் சுற்றுவட்டச் சிற்றூர்களில் ஏர் பிடித்தும் ஏடு பிடித்தும் வாழ்ந்த நம்மவரின் பிள்ளைகள் இன்று சென்னை, பெங்களூரு என்றும், அதற்கு அப்பாலும் பரவியுள்ளனர். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கும். குடும்ப அட்டையில் பெயர் மட்டும் அங்கேயே குடியிருக்கும். வாக்காளர் பட்டியலில் அங்கொரு பெயரும் இங்கொரு பெயரும் இருக்கும். இதனை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஒருவர் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் இருத்தல் ஆகாது என்று 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் விலக்கியிருப்பதையும், அதற்கெனப் பொய்யுறுதி தருவோர்க்கு ஓராண்டு வரை சிறை உண்டு என்பதையும் அறிந்தவர் சிலரே.

எமக்கு இவ்வினா ஓட்டுநர் உரிமத்தின் வடிவில் வந்தது. எழுபதைக் கடந்த ஒருத்திக்கு ஓட்டுநர் உரிமம் எதற்கு என்று இளையோர் நகைக்கக் கூடும். 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வண்டி வெளிவந்தபோது, பேருந்து எட்டாத சிற்றூர்ப் பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியைகளுக்கு அது பெற்ற சிறகு போன்றது. அக்காலத்தில் பெற்ற உரிமத்தை யாம் ஒருமுறையும் தவறாது புதுப்பித்து வந்துள்ளோம். கணவர் மறைந்தபின் மகளோடு வாழ இராஜபாளையம் வந்து சேர்ந்தோம். பஞ்சாலைகளும் மேற்கே மலைத்தொடரும் உடைய நல்லூர். மகளும் மருமகனும் பணிமுடிந்து வீடு திரும்ப இருட்டிவிடும். பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கம் உடைய வீட்டில், மாலை நான்கு மணிக்குக் காய்கறி வாங்கிவரவும், பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவரவும் பிறரை எதிர்பார்த்து நிற்க இயலாது. எம்முடைய சிறு வண்டியே அவ்வேலையைச் செய்து வருகின்றது. வண்டி இல்லையேல் அவ்வீட்டின் உணவு வேளையே மாறிவிடும்.

சட்டத்தைச் சிறிது கூறுதல் வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டது. அதன்படி ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியோர்க்கு உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளாகவே புதுப்பிக்கப்படும். நாற்பது வயதைக் கடந்தோர் பதிவுபெற்ற மருத்துவரிடம் ‘1-அ’ படிவச் சான்று பெற வேண்டும். காலம் முடியுமுன் ஓராண்டுக்குள்ளும் முடிந்தபின் ஓராண்டுக்குள்ளும் விண்ணப்பிக்கலாம். அந்த ஓராண்டும் கழிந்துவிட்டால், புதிதாய் ஓட்டக் கற்றவரைப் போல மீண்டும் தேர்வுக்கு நின்று எட்டுப் போட்டுக் காட்டுதல் வேண்டும். இவ்வயதில் எட்டுப் போடுவதை எண்ணி யாம் அஞ்சினோம் அல்லோம். ஆயினும் பேத்தி கைகொட்டி நகைப்பாள் என்று தோன்றிற்று. எனவே காலம் முடிவதற்கு முன்னரே தொடங்கினோம்.

முதற்படி ஆதார். வாடகை ஒப்பந்தமும் மின்கட்டண இரசீதும் மருமகன் பெயரில் உள்ளன. அவர் வீட்டில் வாழும் எமக்கு எம் பெயரால் யாதொரு சான்றும் இல்லை. முதியோர் பலர்க்கும் நேர்வது இதுவே. குடும்பத் தலைவரின் ஒப்புதலைக் கொண்டு உறவினர் முகவரியை மாற்றிக் கொள்ளும் வழி 2023 ஜனவரியில் வந்தது. மகளின் ஒப்புதலால் அப்படி ஏறி வந்தோம். இரண்டாம் படி ‘சாரதி’ என்னும் கணினித் தளம். உரிமத்தைப் புதுப்பித்தல், முகவரி மாற்றுதல் உள்ளிட்ட 18 சேவைகளை ஆதார் கொண்டு நேரில் வாராமலே பெறலாம் என்று மத்திய அரசு 2021 மார்ச்சில் அறிவித்திருந்தது. கேட்பதற்கு இனிதாகவே இருந்தது. இ-சேவை மையத்து இளைஞர் விசைகளைத் தட்டினார். தளம் ஏற்க மறுத்தது. உரிமத்தில் எமது பெயருக்கு முன் நிற்பது தந்தையாரின் தலைப்பெழுத்து; பணிப்பதிவேட்டில் உள்ளதும் அதுவே. ஆதாரில் நிற்பதோ கணவரின் தலைப்பெழுத்து. இரண்டும் மெய், ஆயினும் இரண்டும் ஒவ்வா.

இராஜபாளையத்தார்க்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் திருவில்லிபுத்தூரில் உள்ளது. இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். மாவட்ட நீதிமன்றமும் அங்கேதான். ஆகவே வழக்காடவும் பால்கோவா வாங்கவும் உரிமம் பெறவும் அவ்வூர்க்குச் செல்லுதல் எங்கள் ஊரார்க்குப் பழகிப்போன ஒன்று. அங்கே எமக்குச் சொல்லப்பட்டது முறையானதே: வேறோர் அலுவலகம் எழுதிய பெயரை இங்கே திருத்த இயலாது, எழுதியவரே திருத்துதல் வேண்டும். அதனை ஏற்று, பொதிகை விரைவு வண்டியில் இரவெல்லாம் அமர்ந்து விழுப்புரத்தில் இறங்கி, நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பழைய அலுவலகத்துக்குச் சென்றோம். அதன் பெயர் இங்கு வேண்டுவதில்லை. “நீங்கள்தான் எங்கள் எல்லையை விட்டுப் போய்விட்டீர்களே! இப்போது இருக்கும் ஊரில் கேளுங்கள்” என்றனர். மும்முறை சென்றோம். ஒருமுறை உரியவர் விடுப்பில் இருந்தார். ஒருமுறை கணினி இயங்கவில்லை. ஒருமுறை, இரு பெயர்க்கும் உரியவர் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதி தருமாறு பணித்தனர். தோன்றுவதும் மறைவதும் நிலைபெறுவதும் பொருளின் இயல்பு என்று சிறுவயதில் மனனம் செய்தவர் நாம். தந்தையின் எழுத்து மறைந்தது, கணவரின் எழுத்து தோன்றிற்று, நிலைபெற்ற ஆள் எதிரே நிற்கின்றாள். இதனை நோட்டரி வழக்கறிஞர் எழுதிக் கையொப்பமிட்டால்தான் அலுவலகம் ஏற்கும்!

இந்நிலையில்தான் அறிவுரைகள் வரத் தொடங்கின. சொன்னவர் அனைவரும் எம் நலம் நாடுவோரே.

“பழைய முகவரியிலேயே புதுப்பித்துவிடுங்கள் அம்மா. அங்கே உங்கள் கொழுந்தனார் வீடு இருக்கிறது. அங்கேயே வசிப்பதாகப் போட்டால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? யாருக்கு என்ன கேடு?” இதுவே பெரும்பாலோர் சொன்னது. பழைய முகவரி உள்ள உரிமம் அதன் காலம் முடியும்வரை நாடெங்கும் செல்லும். அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் புதுப்பிக்கும் படிவம் இப்போதைய முகவரியைக் கேட்கின்றது. அங்கே வாழாத ஒருவர் வாழ்வதாக எழுதினால் அது பொய். வாய்மை என்னும் அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ‘கூடலேகக் கிரியை’ என்பது ஒன்று. பொய்ப்பத்திரம் எழுதுதல் என்பது அதன் பொருள். எழுத்தும் கையொப்பமும் அருகியிருந்த காலத்திலேயே, வாயால் சொல்லும் பொய்யின் வேறாக எழுதும் பொய்யைத் தனியே எண்ணி வைத்துள்ளனர் என்பது எம்மை வியக்க வைக்கின்றது. சொன்ன பொய் காற்றோடு போகும். எழுதிய பொய், எழுதியவர் இல்லாதபோதும் நின்று சான்று கூறிக்கொண்டே இருக்கும்.

ஆயினும் நூல் விலக்கியது என்று மட்டும் சொல்லி அமைதல் ஆசிரியப் பயிற்சி பெற்றவளுக்கு அழகன்று. “யாருக்கு என்ன கேடு?” என்ற வினாவுக்கு விடை கூறியே ஆதல் வேண்டும். உரிமத்தில் உள்ள முகவரி யாருக்காக எழுதப்படுகின்றது? ஓட்டுபவருக்காக அன்று, தம் வீடு அவருக்குத் தெரியும். எம் வண்டி ஒருவர்மீது மோதிவிடுவதாக வைத்துக் கொள்வோம். பால் கொண்டு செல்லும் ஒரு தாய். ஆலைக்கு மிதிவண்டியில் செல்லும் ஒரு தொழிலாளி. அவரோ அவர்தம் பிள்ளைகளோ எம்மைத் தேடிவர உதவும் நூலிழை அம்முகவரி ஒன்றே. நீதிமன்ற அறிவிப்பு பூட்டிய வீட்டின் கதவில் ஒட்டப்பட்டுக் கிடக்க, யாம் நானூறு கிலோமீட்டர் தள்ளிப் பொழுதோடு உண்டு உறங்கிக் கொண்டிருப்போம். கொல்லாமை நோன்பினர் நடக்கும்போது நிலம் பார்த்து நடக்கின்றனர். வண்டியில் செல்பவர்க்கு அது முழுவதும் இயலாது. தம்மால் ஊறு நேர்ந்தால் தம்மைக் கண்டுபிடிக்க இடம் வைத்துச் செல்லுதலாவது இயலும் அன்றோ? எனவே பொய் முகவரியால் கேடு இல்லை என்பது பொருந்தாது; கேடு இன்னும் நேரவில்லை என்பதே மெய்.

இவ்வறிவுரைக்கு நடைமுறையிலும் ஒரு தடை வந்துவிட்டது. 2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் உரிமங்களை விரைவுத் தபாலில் மட்டுமே அனுப்புகின்றனர். பொய் முகவரி எழுதினால் அட்டை அப்பொய்யைத் தேடிச் செல்லும். அங்கே உறவினர் எமக்காக நின்று வாங்குதல் வேண்டும். தபால்காரர் கேட்டால், “அவர் வெளியே போயிருக்கிறார்” என்று அவரும் சொல்லுதல் வேண்டும். ஒருவர் சொல்லத் தொடங்கிய பொய் இப்படித்தான் குடும்பத்துச் சொத்தாகின்றது.

இரண்டாவது அறிவுரை, தரகரிடம் விட்டுவிடுக என்பது. இதில் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூற யாம் ஒருப்படோம். எழுத்தறியாதவர்க்கும் கணினி அறியாதவர்க்கும் படிவம் நிரப்பித் தந்து கூலி பெறுவோர் எந்த ஊர் அலுவலகத்தின் எதிரிலும் உள்ளனர். அவர்தம் உழைப்பு நேர்மையானது. கடிதம் எழுதித் தந்து வாழ்ந்த பழைய தபால் நிலையத் திண்ணைக்காரரின் வழித்தோன்றல்கள் அவர்கள். ஆனால் “உள்ளே கொடுக்க வேண்டியது” என்று ஒரு தொகையைத் தனியே எண்ணி வாங்கும் தரகர் வேறு வகையினர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினையளவில் ஒன்றே என்பது நம் சிறுவர்க்கும் தெரியும். கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களை எண்ணும்போதும், களவுக்குப் பிறரை ஏவுதலே முதலில் வைக்கப்பட்டுள்ளது. அரசின் சட்டமும் அண்மையில் இவ்விடம் வந்து சேர்ந்திருக்கின்றது. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி கையூட்டு வாங்குதல் மட்டுமன்றிக் கொடுத்தலும் குற்றமே. வற்புறுத்தலால் கொடுத்தவர், ஏழு நாட்களுக்குள் உரியவரிடம் முறையிட்டால் மட்டுமே விலக்கு உண்டு. “நான் கொடுக்கவில்லை, தரகர் கொடுத்தார்” என்பது ஆகமத்தின் முன்னும் நில்லாது. சட்டத்தின் முன்னும் நில்லாது.

மூன்றாவது அறிவுரைதான் எம்மைப் பல இரவுகள் எண்ண வைத்தது. அதனைக் கூறியவர் நற்காட்சி உடைய ஒரு முதியவர். “எல்லாம் வினைப்பயன். பொறுத்துக் கொள்ளுங்கள். இதுவும் ஒரு பரிஷஹம் என்று எண்ணுங்கள்” என்றார்.

பரிஷஹங்கள் இருபத்திரண்டு. அவற்றை ஒவ்வொன்றாக மனத்துள் ஓட்டிப் பார்த்தபோது எமக்கு நகைப்பே வந்தது. அசையாது அமர்ந்திருத்தல், கடுஞ்சொல் கேட்டல், இரத்தல், கேட்டது கிடையாமை, உரிய மதிப்புக் கிடையாமை. நுண்மாண் நுழைபுலம் உடைய அவ்வாசிரியர்கள் அலுவலகச் சாளரத்தின் முன் ஒருநாள் நின்றிருப்பரோ என்று ஐயுறும்படி அனைத்தும் அங்கே உள்ளன! முப்பத்தைந்து ஆண்டுகள் ஊரார் எழுந்து நின்று “டீச்சர்” என்று அழைக்கக் கேட்ட காதுக்கு, “அடுத்தது யாரு?” என்னும் குரல் நல்ல மருந்துதான். அந்த அளவில் முதியவரின் சொல்லை ஏற்கின்றோம். சினம் வந்தபோதெல்லாம் அவ்வெண்ணம் எம்மைத் தணித்தது.

ஆனால் அதற்கு மேல் ஏற்க இயலவில்லை. முனிவர் பசியையும் வெயிலையும் பொறுப்பது அவர் தாமே விரும்பி ஏற்ற நெறி. உணவு கிடையாவிடினும் அது தமக்குச் சேர வேண்டியது என்று உரிமை கொண்டாடாத நிலையில் நின்று பொறுக்கின்றார். வரிசையில் நிற்கும் குடிமகன் அந்நோன்பை ஏற்றவன் அல்லன். அவன் ஒரு சட்டத்துக்கு அடங்கி, அச்சட்டம் தருவதாகச் சொன்னதைக் கேட்டு நிற்கின்றான். அங்கே தாமதம் செய்பவர் ஒருவர் இருக்கின்றார்; தாமதத்துக்குக் காரணமும் இருக்கின்றது; நீக்கினால் நீங்கும். அதனை வினை என்று பெயரிட்டு வணங்கிவிட்டால் அடுத்து நிற்பவர்க்கும் அதே வினையை நாம் உண்டாக்கியவர் ஆவோம். எமக்குப் பின்னால் ஒருநாள் ஒரு சுமைவண்டி ஓட்டுநர் நின்றிருந்தார். ஒருநாள் அங்கே நின்றால் அவருக்கு ஒருநாள் கூலி போயிற்று. எமக்கு ஓய்வூதியம் உண்டு. யாம் பொறுத்துக் கொள்ளலாம். எம் பொறுமைக்கு அவரையும் உரியவராக்க எமக்கு ஏது உரிமை? வினைக் கோட்பாடு முயற்சியைக் கைவிடச் சொல்லவில்லை. முயற்சி செய்பவர் சினம் கொள்ளாதிருக்கச் சொல்கின்றது. பொறுமை வேறு, வாய்மூடி இருத்தல் வேறு.

மறுபுறத்தையும் பார்த்தல் நம் மரபு. சாளரத்துக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் கண்ணில் யாம் ஓர் அம்மையார் அல்லோம். ஒன்றோடொன்று ஒவ்வாத இரண்டு தாள்கள். போலி உரிமம் கொண்டு பேருந்து ஓட்டுவோரும் இந்நாட்டில் உண்டு. ஒரு பெயரைத் தவறாய்த் திருத்திவிட்டால் தணிக்கையில் தலை குனிய வேண்டியவர் அவரே. எனவே ஐயுறுதல் அவர் கடமை. அதனைக் குற்றம் என்னோம். ஐயுற்றபின் அதனைத் தீர்க்கும் உழைப்பு யாருடையது என்பதிலேதான் எமது வழக்கு.

இதற்குச் சட்டத்திலேயே விடை இருக்கக் கண்டோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, 6-ஆம் உட்பிரிவு. உரிமத்தைப் புதுப்பிக்கும் அலுவலகம் அதனை வழங்கிய அலுவலகம் அன்றாயின், புதுப்பித்த செய்தியை வழங்கிய அலுவலகத்துக்கு அதுவே தெரிவித்தல் வேண்டும் என்று அங்கே எழுதப்பட்டுள்ளது. மக்கள் ஊர் மாறுவர் என்பதையும், ஊர் மாறியவர் இரண்டு அலுவலகங்களுக்கு இடையே நடந்து தேய வேண்டியதில்லை, அலுவலகமும் அலுவலகமும் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டும் என்பதையும் 1988-இல் சட்டம் இயற்றியோர் எண்ணிப் பார்த்திருக்கின்றனர். நடைமுறையிலோ மனிதரே தபாலாகி விடுகின்றனர். எழுபது வயதுத் தபால், பொதிகை வண்டியில்.

யாம் செய்தது பெரிதன்று. பணிப்பதிவேட்டின் முதற்பக்க நகல், திருமணச் சான்று, முத்திரைத்தாள் உறுதி ஆகியவற்றை இணைத்து, இரு தலைப்பெழுத்துகளும் வந்த வரலாற்றை ஒளியாமல் எழுதி, மேற்கூறிய பிரிவின் கருத்தையும் குறித்துப் பழைய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் விடுத்தோம். ஒரு திங்கள் கழித்தும் மறுமொழி இல்லை. பின்னர் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, எம் மனு எந்நாளில் வந்தது, இப்போது யாரிடம் உள்ளது என்ற இரண்டே வினாக்களைக் கேட்டோம். முப்பது நாட்களுக்குள் விடை தருதல் வேண்டும் என்பது சட்டம். விடை வருமுன்னே பெயர் திருந்தியது. கடுஞ்சொல் ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒருவேளை இன்னும் விரைவாக வந்திருக்கும் என்று மருமகன் சொல்லுகின்றார். எமக்கு அதில் உடன்பாடில்லை.

இவ்வாறு கேட்பதற்கும் ஒரு படிப்பும் ஓய்வும் வேண்டியிருக்கின்றது என்பதே எம் நெஞ்சை உறுத்துவது. அந்தச் சுமைவண்டி ஓட்டுநர் எப்படிக் கேட்பார்? குறித்த நாளுக்குள் சேவை தராத அலுவலர் தம் கையிலிருந்து அபராதம் செலுத்தும் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010-இலேயே இயற்றியது. கர்நாடகமும் 2011-இல் அவ்வழி சென்றது. கேட்கத் தெரிந்தவர்க்கு மட்டும் கிடைக்கும் நீதியைக் கேட்கத் தெரியாதவர்க்கும் கொண்டு செல்ல அத்தகைய சட்டங்களே உதவும். நம் இளைஞர் சங்கத்தார் விழா நாட்களில் கூடும்போது ஒரு மேசை போட்டு, ஊரில் உள்ள எல்லா முதியோர்க்கும், நம்மவர் பிறர் என்ற வேறுபாடின்றி, இத்தகைய மனுக்களை எழுதித் தரலாம். சாத்திர தானம் என்பதில் இதுவும் அடங்கும் என்று யாம் துணிந்து கூறுவோம்.

இதனிடையே எம்மைத் திகைக்க வைத்த ஒன்று உண்டு. உரிமத்தில் உள்ள எமது பிறந்த நாள் ஜூன் 1. அது மெய்யன்று. மகாவீரர் வீடுபேறடைந்த தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு பிறந்தவள் என்று எம் அன்னையார் சொல்லுவார். பள்ளியில் சேர்க்க ஐந்து வயது நிறைய வேண்டும். நிறைவதற்குச் சில மாதங்கள் இருந்தன. ஓராண்டு வீணாக வேண்டாம் என்று இரங்கிய தலைமையாசிரியர் ஜூன் 1 என்று எழுதிவிட்டார். அக்காலத்துப் பள்ளிப் பதிவேடுகளைப் புரட்டினால் சிற்றூர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருப்பர்! அவ்விரக்கத்தால் யாம் ஐந்து மாதம் முன்னதாகவே பணி ஓய்வு பெற்றோம் என்பது வேறு கதை.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எமக்கு முதல் வாரத்திலேயே கற்பித்தது, பதிவேட்டில் பிழை நேர்ந்தால் சுரண்டி அழிக்கலாகாது, மேலெழுதலும் ஆகாது என்பது. சிவப்பு மையால் ஒரே கோடு இழுத்து, பிழையும் படிக்கத் தெரியும்படி விட்டு, அருகில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடுதல் வேண்டும். எம் தலைப்பெழுத்துக்கு அந்தச் சிவப்புக் கோடு இப்போது கிடைத்துவிட்டது. பிறந்த நாளுக்குக் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கவும் வழியில்லை. பள்ளிச் சான்று, பணிப்பதிவேடு, ஆதார், உரிமம் என்னும் நான்கிலும் அது ஒத்திருக்கின்றது. ஆதலால் எந்தச் சாளரத்திலும் அதனை எவரும் தடுக்கவில்லை. மெய்யான இரண்டு எழுத்துகள் பத்து மாதம் தடுக்கி விழுந்துகொண்டிருக்க, மெய்யல்லாத ஒரு நாள் எழுபது ஆண்டுகளாக மாலையிட்டு வரவேற்கப்பட்டு வந்திருக்கின்றது. அலுவலகம் சோதிப்பது ஒத்திருத்தலையேயன்றி மெய்யை அன்று.

இப்போது எம் பேத்தி கேட்கின்றாள்: “முகவரியில் பொய் எழுத மாட்டேன் என்று இத்தனை அலைந்தீர்களே பாட்டி, பிறந்த நாளை மட்டும் ஏன் அப்படியே எழுதுகிறீர்கள்?” பலரும் ஒப்புக்கொண்ட வழக்கால் மெய்யாகக் கொள்ளப்படுவதைச் ‘சம்மதி சத்தியம்’ என்று சத்தியத்தின் பத்து வகைகளுள் ஒன்றாக நம் நூல்கள் வகுத்துள்ளன, பதிவேட்டு நாளை அவ்வகையில் அடக்கலாம் என்று யாம் விடை கூறினோம். அதனால் ஏமாந்தவர் எவரும் இல்லை, அது எம் கையால் எழுதப்பட்டதும் அன்று என்றும் சொன்னோம். அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் பழைய முகவரியும் எல்லாரும் ஒப்புக்கொண்டால் சரிதானா?” என்றாள். முகவரியை நம்பித் தேடி வருபவர் ஒருவர் உண்டு, பிறந்த நாளைத் தேடி வருபவர் இல்லை என்பது எமது மறுமொழி. அவளுக்கு அது போதவில்லை. கற்றறிந்த அன்பர்கள் இதற்கு என் சொல்வர் என்பதை அறிய விழைகின்றோம். அடுத்த இதழுக்குள் எழுதி அனுப்பினால் அவளிடம் படித்துக் காட்டுவோம்.